திட்டு வாங்கச் சம்பளம்

ஆனி மாசத்துல ஒரு புதன்கிழமை சாயங்காலம் என் பேரன் வந்தான். வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே ஆரம்பிச்சுட்டான்.

"தாத்தா, இனிமே படிக்கறதும் வேலை செய்யறதும் ரெண்டும் ஒண்ணா நடக்கப் போவுது."

"அப்படியா சாமி? இத்தன நாளா ரெண்டுமே செய்யாம இருந்தியே, அதுக்குக் காலேஜ்ல என்ன பேரு வெச்சிருக்காங்க?"

மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு அவன் ஆயாகிட்ட போயிட்டான். ராயிக்களி ஒரு உருண்டை உள்ள போனப்புறம்தான் கோவம் எறங்குச்சு. களிக்கு அந்தக் குணம் உண்டு.

விஷயம் இதுதான். பையன் பி.பி.ஏ. படிக்கறான். மூணு வருஷப் படிப்புல ஒரு பருவமோ, ரெண்டோ, மூணு வரைக்குமோ கம்பெனியில போய் வேலை பாக்கணுமாம். அந்த வேலைக்கு மார்க்கு உண்டாம். கம்பெனிக்காரங்க மாசாமாசம் பணமும் குடுப்பாங்களாம். பேரு 'அப்ரண்டிஸ்ஷிப் எம்பெடட் டிகிரி'. இதை ஒரு தடவை சொல்லி முடிக்கறதுக்குள்ள நம்ம டவுன் பஸ்ஸு தொப்பூர் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடும்.

"பல்கலைக்கழக மானியக் குழு 2020-லயே இதுக்கு வழிமுறை போட்டுருச்சு தாத்தா. 2025-ல இன்னும் விரிவாப் போட்டிருக்கு" அப்படின்னான்.

"எனக்கு 1964-லயே போட்டுட்டாங்க"ன்னேன்.

சிரிச்சான். பி.பி.ஏ. படிக்கற பையன் சிரிக்கறதைப் பாக்க நல்லா இருக்கும். இன்னும் யாருக்கும் வட்டி கட்டாத சிரிப்பு அது.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

1964-ல தர்மபுரி ஜில்லாவே கிடையாது. சேலம் ஜில்லாவுல நாம ஒரு ஓரம். ஜில்லா பொறந்தது 1965 அக்டோபர் 2. அதனால தொழில்ல நான் ஜில்லாவுக்கே ஒரு வருஷம் மூத்தவன். எனக்கு அப்ப 14 வயசு. அஞ்சாவதோட பள்ளிக்கூடம் என்னை விட்டுருச்சு. நான் அதை விட்டேன்னு வெளிய சொல்லிக்கறது. எங்க தாய்மாமனுக்கு மாட்டுத் தரகு. புளுதியூர் புதன்கிழமைச் சந்தைக்கு என்னையும் இழுத்துட்டுப் போனாரு. சந்தை ஒண்ணுக்கு எட்டணா கூலி, மத்தியானம் சோறு. அம்பது பைசான்னு சொல்லணும். புதுக்காசு வந்து ஏழு வருஷம் ஆகியும் எங்க வாயை விட்டு அணா போகல.

மொத மூணு மாசம் கயிறு பிடிக்கறது மட்டும்தான் வேலை. பேசக்கூடாது. "நீ காதைத் தொற, வாயை மாடு தொறக்கட்டும்" அப்படிம்பாரு மாமன்.

மாட்டோட வயசு வாயில இருக்கு. கீழ்த்தாடையில பால்பல்லு விழுந்து பெரிய பல்லு ஜோடி ஜோடியா முளைக்கும். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டு. மூணு வயசு வாக்குல நாலு இருக்கும், அஞ்சு வயசை ஒட்டி எட்டும் வந்துடும். அப்புறம் பல்லு தேயறதை வெச்சுத்தான் கணக்கு. மேல்தாடையில முன்பல்லே கிடையாது. அங்க போய்ப் பல்லைத் தேடுனா, நீ காலேஜ்ல இருந்து நேரா சந்தைக்கு வந்திருக்கேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

ஒரு புதன்கிழமை மாமன் வேற பேரத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. கம்பைநல்லூர்ப் பக்கத்து ஆளு ஒருத்தரு வந்து, நான் பிடிச்சிருந்த காளையைக் காட்டி "எத்தன பல்லு தம்பி?"ன்னாரு. மூணு மாசமா மூடியிருந்த வாய் இல்லையா, அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. உதட்டைத் தூக்கிப் பாத்தேன். மாடு நாக்கை நீட்டி ஒரு பக்கத்தை மறைச்சுக்கிச்சு. "நாலு பல்லு"ன்னுட்டேன். என் பேச்சை நம்பி வெலை முடிஞ்சுது. சந்தை மைதானத்தைத் தாண்டறதுக்குள்ள அந்த ஆளு திரும்பி வந்துட்டாரு. ஆறு பல்லு. மாமன் ஒரு வார்த்தை பேசல. மடியை அவுத்து நாப்பது ரூவாயை எண்ணிக் குடுத்தாரு. 1964-ல நாப்பது ரூவா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. எறங்கலன்னாலும் சாப்பிட்டுட்டேன், அது வேற.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் திட்டு. ஒரே திட்டைத் திருப்பிச் சொல்லாம ஆறு மைலு நடக்கத் தெரிஞ்ச மனுசன். அடுத்த புதன்கிழமை என்ன செஞ்சாரு தெரியுமா? யாவாரமே பண்ணல. சந்தை நுழையற எடத்துல என்னை நிக்க வெச்சு, உள்ள வர்ற மாட்டையெல்லாம் வாயைப் பிரிச்சுப் பாத்துப் பல்லைச் சொல்லச் சொன்னாரு. நான் சொல்லச் சொல்ல, பக்கத்துல நின்னு சரி, தப்புன்னுகிட்டே இருந்தாரு. பொழுது சாயறப்போ ரெண்டு கையும் எச்சில், ரெண்டு வெரல் கடிபட்டு வீங்கிக் கெடந்துச்சு. அன்னைக்கு அவருக்குத் தரகு ஒரு காசு வரல. எனக்கு எட்டணாவைக் குடுத்துட்டாரு.

ரெண்டாம் வருஷம்தான் துண்டுக்குள்ள கை விட்டேன். உங்களுக்குத் தெரியாது. மாட்டு வெலையை வாயால சொல்ல மாட்டோம். வாங்கறவன் கை, விக்கறவன் கை ரெண்டு மேலயும் துண்டைப் போட்டு, உள்ள வெரலைப் பிடிச்சே பேசிக்குவோம். சுத்தி நிக்கறவனுக்கு மூஞ்சி மட்டும்தான் தெரியும், அதுவும் பொய் சொல்லும். பேரன் புத்தகத்துல 'நெகோஷியேஷன்'னு ஒரு பாடம் இருக்கு, முப்பது பக்கத்துக்கு மேல. எங்க துண்டு ரெண்டு முழம்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எங்க மாமன் அத்தன தூரம் திட்டுனது பாசத்துல இல்ல. போனது அவரு நாப்பது ரூவா. எனக்கு எட்டணா குடுக்கறதால நான் அவரு ஆளு. நான் பண்ற தப்பு அவரு மடியில இருந்து போகும். அதனால என்னைத் திருத்தியே ஆகணும், அவருக்கு வேற வழியில்ல. கூலி குடுக்காதவன் உன்னைத் திட்ட மாட்டான் கண்ணு. சிரிச்சுக்கிட்டே "பரவால்ல தம்பி"ம்பான். பரவாயில்லன்னா, உன் தப்புனால அவனுக்கு ஒண்ணும் போகலன்னு அர்த்தம்.

எங்க ஊருல ஓய்வு வாத்தியார் ஒருத்தரு இருக்காரு. பென்ஷன் வாங்கறவரு, அதனால நெறையப் படிப்பாரு. அவருகிட்ட இதைச் சொன்னப்ப, "இதுல நீ பெருமை பீத்திக்க ஒண்ணுமில்ல, நாட்டுக்கோட்டைச் செட்டியாருங்க இதைப் பெரிய முறையாவே நடத்துனாங்க"ன்னாரு. பர்மா, மலேயா, சிலோன்னு வட்டிக்கடை வெச்சிருந்தப்போ, மீசை முளைக்காத பையனைக் கூட்டிட்டுப் போய்ப் பணப்பெட்டிக்குப் பக்கத்துல உக்கார வெப்பாங்களாம். பெட்டியடிப் பையன்னு பேரு. தேறினா அடுத்தாள். அதுலயும் தேறினா மேலாள். சம்பளச்சீட்டு எழுதி, மூணு வருஷத்துக்கு ஒரு கணக்குன்னு அனுப்புவாங்க. சிட்டை எழுதணும், பேரேட்டுல ஏத்தணும், கடைசியில ஐந்தொகை போடணும்.

பேரன் காதைத் தீட்டுனான். "ஐந்தொகைன்னா பேலன்ஸ் ஷீட்டா தாத்தா?"

"ஆமா. நீ ரெண்டாவது பருவத்துல அரியர் வெச்சியே, அதேதான்."

வெளிநாட்டுக்காரங்களும் இதைச் சும்மா விடல. அமெரிக்காவுல சின்சினாட்டின்னு ஒரு ஊரு. அங்க ஹெர்மன் ஷ்னைடர்னு ஒரு பேராசிரியர். நல்லா முன்னுக்கு வந்த பழைய மாணவங்களைக் கவனிச்சுப் பாத்தா, நெறையப் பேரு படிக்கறப்பவே எங்கயோ கூலி வேலை பாத்தவங்களா இருந்திருக்காங்க. சரி, அதையே பாடமா வெப்போம்னு 1906-ல 27 இன்ஜினியரிங் பசங்களை வெச்சு ஆரம்பிச்சாரு. ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் பட்டறை. பட்டறையில கூலி. அப்புறம் அந்த முறை யாவாரப் படிப்புக்கும் போச்சு. ஜெர்மனியில 1974-ல ஸ்டுட்கார்ட், மான்ஹைம் ரெண்டு ஊருலயும் இதுக்குன்னே தனிப் பள்ளி தொறந்தாங்க. பென்ஸ் கார் செய்யறவங்களும் பாஷ் கம்பெனியும் பின்னால நின்னாங்க. மூணு மாசம் பாடம், மூணு மாசம் கம்பெனி. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பையன் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுக்கிட்டுத்தான் படிக்கவே வரணும். பாடம் படிக்கற மூணு மாசத்துக்கும் சேர்த்துக் கம்பெனி சம்பளம் குடுக்கும். வகுப்புல தூங்கினா மொதலாளி காசுல தூங்கறான். அப்புறம் தூக்கம் எங்க வரும்?

நம்ம கோயமுத்தூரு பி.எஸ்.ஜி. டெக்ல 'சாண்ட்விச்'னு அஞ்சு வருஷ இன்ஜினியரிங் ஒண்ணு நடத்துனாங்க. வகுப்பு, பட்டறை, வகுப்பு. பேரன் இதைச் சொன்னப்ப, "ரொட்டிக்கு நடுவுல உருளைக்கெழங்கு வெக்கறதா?"ன்னேன். "ஆமா தாத்தா." "நம்ம ஊருல களிக்கு நடுவுல குழி பண்ணிச் சாறு ஊத்தறோமே, அது?" அவன் ஆயா உள்ள இருந்து சிரிச்சா. அம்பது வருஷத்துல என் பேச்சுக்கு அவ சிரிச்சது அது மூணாவது தடவை.

இப்பப் பணத்துக்கு வருவோம். கெழவன் பணத்துக்கு வராம இருப்பானா?

தொழில் பழகுநர் சட்டம்னு ஒண்ணு 1961-ல போட்டது. ரொம்ப வருஷம் அது ஃபிட்டரு, டர்னருக்குத்தான். அப்புறம் இன்ஜினியரைச் சேர்த்தாங்க. 2014-ல திருத்தினப்புறம்தான் பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ.ன்னு மத்த பசங்களுக்கும் கதவு தொறந்துச்சு. 2019-ல போட்ட விதிப்படி, படிப்போட சேர்த்துத் தொழில் பழகற டிகிரிப் பையனுக்கு மாசம் குறைஞ்சது 9,000 ரூவான்னு வெச்சாங்க. சாண்ட்விச் படிப்புல வர்ற டிகிரிப் பையனுக்கு 8,000. உருளைக்கெழங்குக்கு ஆயிரம் பிடிச்சுக்கிட்டாங்க போல. 2025 மே மாசம் மத்தியத் தொழில் பழகுநர் கவுன்சில் கூடி, இதை 36 சதம் ஏத்தலாம்னு பரிந்துரை பண்ணுச்சு. மத்திய சர்க்காரோட நாட்ஸ்ங்கற பழகுநர் திட்டப் போர்ட்டல்ல பதிஞ்சா, குறைஞ்சபட்சத் தொகையில பாதியை மத்திய சர்க்கார் ஏத்துக்கும்.

30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எடம்னா பழகுநரை எடுத்தே ஆகணும். நூத்துக்கு ரெண்டரையில இருந்து பதினஞ்சு வரைக்கும். 200 பேர் இருக்கற கம்பெனின்னா, குறைஞ்சது அஞ்சு பேரு. நாலு பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் உள்ள எடம், இஷ்டப்பட்டா எடுத்துக்கலாம்.

இந்த 'இஷ்டப்பட்டா'வுலதான் எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல்.

நம்ம ஜில்லாவுல இப்பப் பெரிய கம்பெனி கம்மி. முன்னாடி ஓசூரு நம்மகிட்ட இருந்துச்சு. டைட்டன் கடிகாரம், டி.வி.எஸ். வண்டி, லேலண்டு லாரி எல்லாம் அப்ப தர்மபுரி ஜில்லாவுல இருந்துதான் வரும். 2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரி தனியாப் போனப்போ, அத்தனையும் அவங்க பங்குக்குப் போயிடுச்சு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா இப்படித்தான். ஒருத்தனுக்கு ஆலை, ஒருத்தனுக்கு அருவி. ஒகேனக்கல்ல மீன் வறுக்கறதுக்கு அப்ரண்டிஸ் எடுக்கறாங்களான்னு பேரனைக் கேட்டேன், பதில் சொல்லல. இப்பத் தடங்கம், அதகப்பாடிப் பக்கம் சிப்காட் வருது. வரட்டும்.

ஆனா யாவாரம் கத்துக்க ஓசூருதான் போகணுமா? பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில காலையில ஒரு வெலை, பத்து மணிக்கு ஒரு வெலை. பெங்களூருக்கு லாரி கெளம்புச்சா இல்லையாங்கறதுல இருக்கு கணக்கு. தர்மபுரி பட்டுக்கூடு ஏல அங்காடிக்குப் போயிருக்கியா? வெள்ளைக் கூட்டைத் தட்டுல கொட்டி வெச்சிருப்பாங்க, மல்லிகைப்பூ மாதிரி. வாங்க வர்றவன் கூட்டை ஒண்ணு எடுத்து ரெண்டு வெரலால அமுத்துவான். அப்புறம் காதுகிட்ட வெச்சுக் குலுக்குவான். உள்ள புழு நல்லா பக்குவமாகித் தனியா நின்னா கடகடன்னு சத்தம் வரும். செத்து ஒட்டிக்கிச்சுன்னா சத்தமே வராது. ஒரு கிலோ நூலுக்கு எத்தன கிலோ கூடு பிடிக்கும்னு அந்தச் சத்தத்துல இருந்து மனசுக்குள்ள கணக்கு ஓடும், வெலை சொல்லிடுவான். 'குவாலிட்டி கன்ட்ரோல்'னு பேரன் நோட்டுல எழுதி வெச்சிருக்கறது எல்லாம் அந்தக் காதுல இருக்கு.

அந்தக் காதுக்காரருகிட்ட அஞ்சாறு பேரு வேலை பாப்பாங்க. புளி மண்டியிலயும் அப்படித்தான். சட்டப்படி அவங்க இஷ்டப்பட்டா ஒரு பி.பி.ஏ. பையனை எடுக்கலாம். ஆனா அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு மண்டிக்காரருகிட்ட யாரு போய்ச் சொன்னா? காலேஜ்காரங்க மண்டி வாசலை மிதிச்சு நான் பாத்ததில்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுல தாண்டிப் போறதைத்தான் பாத்திருக்கேன். பசங்களைப் பெரிய கம்பெனிக்கு அனுப்புங்க, வேணாங்கல. ரெண்டு பேரையாவது புளி மண்டிக்கும் அனுப்புங்க. காலேஜுல அதுக்குன்னு ஒருத்தரு, மண்டிக்கும் போர்ட்டலுக்கும் நடுவுல நடந்தா போதும். இது என் மனு. யாருகிட்ட குடுக்கறதுன்னு தெரியாம இங்க குடுக்கறேன்.

சரி, இன்னொரு கூத்தையும் சொல்லணும். பக்கத்துத் தெருப் பொண்ணு ஒண்ணு, வேற காலேஜு, பி.காம். அவங்க காலேஜுல 15 நாள் இன்டர்ன்ஷிப் கட்டாயம்னாங்க. டவுன்ல ஒரு எடத்துல போய் 3,000 ரூவா கட்டுனா இன்டர்ன்ஷிப் தருவோம்னு சொன்னாங்க. கட்டுச்சு. மொத நாள் போச்சு, ஒரு போட்டோ எடுத்தாங்க. ரெண்டாம் நாள் போச்சு, கதவு பூட்டியிருந்துச்சு. பதினஞ்சாம் நாள் சர்டிபிகேட் வாட்ஸப்புல வந்துச்சு. தங்கக் கலர்ல பார்டர் போட்டு, "மிகச் சிறந்த உழைப்பு"ன்னு இங்கிலீஷ்ல எழுதி. அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து காட்டுச்சு. "யாரும்மா உன்னைத் திட்டுனாங்க?"ன்னு கேட்டேன். "யாரும் திட்டல தாத்தா, ரொம்ப நல்லவங்க."

நல்லவங்கதான். 3,000 ரூவாய்க்கு ஒரு பொண்ணோட மனசு நோகாமப் பாத்துக்கிட்டாங்க.

அந்தப் பொண்ணோட அப்பன் புளி தட்டற எடத்துல மூட்டை தூக்கறவன். மாசாமாசம் புதுமைப் பெண் திட்டத்துல வர்ற ஆயிரத்தை மூணு மாசம் சேர்த்துக் கட்டியிருக்கு. அதைக் கேட்டப்புறம் எனக்கு நையாண்டி வரல.

நான் என்னமோ எல்லாம் தெரிஞ்சவன் மாதிரிப் பேசறேன்னு நெனைக்காதீங்க. காலேஜு சும்மா இல்லன்னு நான் தெரிஞ்சுக்கிட்ட கதையும் உண்டு. வெக்கக்கேடு, சொல்லித்தான் தீரணும். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால பங்குனியில, கிலோ 80 ரூவான்னு 2,000 கிலோ கொட்டை எடுத்த புளி வாங்கினேன். குளிர்ப்பதனக் கிடங்குல போட்டேன். ஒம்பது மாசம் கழிச்சு மார்கழியில கிலோ 92-க்கு வித்தேன். கிலோவுக்குப் பன்னெண்டு ரூவா லாபம்! கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டேன். "படிச்சவனெல்லாம் என்னடா படிச்சீங்க"ன்னு பந்தியில நின்னு பேசினேன்.

பேரன் மொதப் பருவம் முடிச்சுட்டு வந்தப்போ ஒரு நோட்டைப் பிரிச்சு, "தாத்தா, புளி காய்ஞ்சு எடை எவ்ளோ கொறஞ்சுது?"ன்னான். 60 கிலோ. "அப்ப வித்தது 1,940 கிலோ. 1,78,480 ரூவா. வாங்கினது 1,60,000. மிச்சம் 18,480. சரி, அந்த 1,60,000 எங்க இருந்து வந்துச்சு?" ரெண்டு ரூவா வட்டிக்கு வாங்கினது. "நூத்துக்கு ரெண்டுன்னா மாசம் 3,200. ஒம்பது மாசத்துக்கு 28,800." பேனாவை மூடி வெச்சான். "கிடங்கு வாடகையைச் சேர்க்காமலே 10,320 ரூவா நட்டம் தாத்தா. கிடாவையும் சேர்க்கல."

நான் வெத்தலையை மென்னுக்கிட்டே இருந்தேன். வட்டி கட்டினது எனக்குத் தெரியும். கட்டறப்ப எல்லாம் அது வேற பாக்கெட்டு, புளி வேற பாக்கெட்டுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்துட்டேன். மாட்டுத் தரகுல சரக்கு என் பணத்துல நிக்காது, அன்னைக்கே கைமாறிடும். மாமன் சொல்லிக் குடுத்ததுல வட்டிங்கற பாடமே வரல. சந்தை கத்துக் குடுத்தது சந்தை அளவுக்குத்தான் இருந்துச்சு. ஒம்பது மாசம் தள்ளி என்ன ஆகும்னு அந்த நோட்டுலதான் இருந்துச்சு. அதனாலதான் இந்தப் படிப்புல வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வகுப்புக்கு வரணும்னு வெச்சிருக்காங்க. வெறும் வேலைன்னா இவன் என்னை மாதிரி ஆயிடுவான். ஒரு வீட்டுக்கு ஒருத்தன் போதும்.

அவன் கெளம்பறப்போ நான் சொன்னது கொஞ்சம்தான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தை முழுசாப் படி. அதுல கம்பெனி பேரு இருக்கணும், நடுவுல ஆள் சேர்க்கறவன் பேரு இல்ல. பணம் உன் பேங்க் கணக்குக்கு வரணும், கவர்ல வர்ற பணம் கவர்லயே போயிடும். சட்டப்படி நீ அங்க தொழிலாளி இல்ல, பழகுநர். முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல. அதை மனசுல வெச்சுக்கிட்டு, கண்ணுல பாக்கறதையெல்லாம் எடுத்துக்கோ. ஆனா அடிபட்டா நஷ்டஈடு சட்டத்துல உண்டு, அதை மறக்காத. மொத நாளே ஒரு கேள்வி கேளு: "சார், நான் தப்புப் பண்ணா யாருகிட்ட வரணும்?" ஒருத்தரு பேரைச் சொன்னா உக்காரு. "எல்லாரும் இருக்கோம் தம்பி"ன்னா, ஒருத்தரும் இல்லன்னு அர்த்தம். மூணு மாசம் ஆகியும் பெட்டி எண்ணற வேலையே குடுத்தா, காலேஜுல உனக்குன்னு போட்டிருக்கற வாத்தியாருக்குப் போன் போடு. அவரு எடுக்கலன்னா எனக்குப் போடு. நான் வர மாட்டேன், சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்.

"அவ்வளவுதானா தாத்தா?"

"மேலதிகாரிக்கு டீ வாங்கிட்டு வரச் சொன்னா வாங்கிட்டு வா. தெனமும் சொன்னா, டீக்கடையில அப்ரண்டிஸா சேர்ந்துக்கோ. அங்க ரொக்க யாவாரம், நல்லாக் கத்துக்கலாம்."

போனான். ஓசூர்ல ஒரு உதிரிபாகக் கம்பெனி. ஸ்டோர்ஸ்ல போட்டாங்க. பன்னெண்டாவது நாள் ராத்திரி போன் வந்துச்சு. குரல் கம்மிப் போயிருந்துச்சு. 1,200 போல்ட்டு வந்ததைக் கம்ப்யூட்டர்ல 12,000-னு ஏத்திட்டானாம். இருப்பு இருக்குன்னு மேல ஆர்டர் போடாம விட்டுட்டாங்க. மறுநாள் லைனு நின்னு போச்சு. ஸ்டோர்ஸ் மேனேஜர் எல்லாரு முன்னாடியும் திட்டிட்டாரு. அப்புறம் அந்த ஷிஃப்ட்டு முழுக்க, ரேக்ல இருக்கற அத்தன டப்பாவையும் எறக்கிக் கையால எண்ண வெச்சிருக்காரு.

"எண்ணறப்போ அவரு எங்க இருந்தாரு?"

"பக்கத்துலயேதான் தாத்தா. அவரும் எண்ணினாரு."

"அப்படின்னா அங்கயே இரு. வந்துடாத."

ஆடி முடிஞ்சு மொதச் சம்பளம் கணக்குல விழுந்துடுச்சு, 9,000. அவன் ஆயாவுக்கு ஒரு சேலை வந்துச்சு, காப்பிக்கொட்டைக் கலர்ல, நல்லாத்தான் இருக்கு. எனக்கு வெத்தலைக்கு மாசம் 500 அனுப்பறேன்னு போன்லயே சொன்னான்.

இன்னும் வரல.